பந்தலுக்கு ஒரு கால் குறைவு

தூசி துடைத்த துணியோடு பந்தலின் கால் ஒன்றும் கூடவே வந்துவிட்டது.

அருங்காட்சியகத்தின் அந்தக் குட்டிப் பந்தலுக்கு நூறு வயதுக்கு மேல். ஊர் ஆற்றுப் பாலம் திறந்த அன்று, ஒரே ஒரு மாலைக்காகப் போட்ட அலங்காரப் பந்தலின் மாதிரி. நிஜப் பந்தலை மறுநாளே பிரித்துவிட்டார்கள். மிச்சம் இதுதான். முழ உயரம், நகம் அளவு கொடிகள், நாலு கால்.

இப்போது மூன்று.

துடைத்தவர் அங்கே பல வருடமாகத் தற்காலிக ஊழியர். அதனால் பெயரே ‘டெம்பரரி’ என்றாகிவிட்டது. அவரை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று டைரக்டரம்மா முடிவு சொல்லப்போவது இன்றைக்குத்தான்.

பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவின் காதில் விழாமல் டெம்பரரி மனைவிக்குப் போன் போட்டார்.

“கால் உடைஞ்சிடுச்சும்மா.”

“ஐயையோ!”

“கத்தாதே. தெரிஞ்சா வேலை போயிடும். நல்ல பசையா வாங்கிட்டு வா, ஒட்டிடலாம்.”

“பசையா? வலியில என்ன பேசறோம்னே தெரியலையா? அசையாம உட்காருங்க, வரேன்!”

“வலியா? யாருக்கு?”

போன் கட்டாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மனைவி அழுதுகொண்டே ஓடிவந்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் அவருடையது. பின்னால் அவள் தம்பி, இரவல் வாங்கிய சக்கர நாற்காலியோடு. அதற்கும் பின்னால், அழுகைச் சத்தம் கேட்டு வந்த டைரக்டரம்மா.

“கால் உடைஞ்சிடுச்சாமே?”

உண்மையைச் சொன்னால் சோறு போகும். டெம்பரரி பந்தலை முதுகால் மறைத்துக்கொண்டு சட்டென்று நொண்டினார். “ஆமா மேடம்.”

“எந்தக் கால்?”

“வலது.”

“இடதுல நொண்டறீங்களே அத்தான்!” என்றான் மைத்துனன்.

“வலி மாறி மாறி வருதுடா!”

“பேசாதீங்க அத்தான், உட்காருங்க.” மைத்துனன் பாசத்தோடு நாற்காலியை உள்ளே தள்ளினான். அது போய்த் திறந்திருந்த கண்ணாடிப் பெட்டியில் முட்டியது. டொக்.

இரண்டாவது காலும் போச்சு. பந்தல் மண்டியிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். மண்டியிட்ட பந்தலைப் பார்த்தாள், புருஷனின் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்த நொடி பெட்டியை மறைத்து நின்று, “ஐயோ, என் வீட்டுக்காரர் காலு!” என்று முன்னைவிடப் பெரிதாக அழ ஆரம்பித்தாள்.

டைரக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் ரூம்ல கட்டுத் துணி இருக்கு. தேடித்தான் எடுக்கணும். நேரமாகும்.” மைத்துனனையும் கூட்டிக்கொண்டு போனார்.

“இந்தக் காலுக்கா பசை கேட்டீங்க?” என்றாள் மனைவி.

“ஆமா. இப்போ பசைக்கு எந்தக் கடைக்கு ஓடறது...”

அவள் பையிலிருந்து பசை ட்யூபை எடுத்தாள்.

“வாங்கிட்டு வந்தியா!”

“பைத்தியம் மாதிரிதான் கேட்டீங்க. அதுக்காக வாங்காம வர முடியுமா?”

இரண்டு தலைகளும் முட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார்கள். அவள் விரல் ஒரு காலைத் தாங்க, அவர் விரல் இன்னொன்றைத் தாங்கியது. பந்தல் லேசாகச் சாய்ந்தாலும் நின்றது.

டைரக்டரம்மா திரும்பி வந்து, தானே குனிந்து அவர் காலில் கட்டுப் போட்டார். கை பழகிய கட்டு. நிமிர்ந்து பந்தலைப் பார்த்தார்.

“இப்போ எப்படி இருக்கு?”

“நிக்குது மேடம்.”

“காயற வரைக்கும் அசைக்காதீங்க. இன்னையிலேர்ந்து நீங்க நிரந்தரம்.”

டைரக்டரம்மா போனதும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை நிஜ அழுகை. “பாவம்ங்க, நல்ல மனுஷி. அவங்களைப் போய் ஏமாத்திட்டோமே.”

ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“யாரும்மா ஏமாந்தது? போன வருஷம் இந்தப் பந்தலை உடைச்சுட்டு, டைரக்டரம்மாவும் இதே கட்டைத்தான் ஒரு மாசம் கட்டிக்கிட்டு நொண்டினாங்க!”