கட்டிலை விட மாட்டேன்

இனி என் வீட்டில் 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லே கேட்கக் கூடாது. முடிவு கட்டிவிட்டேன்.

நான் தையல்காரன். பகலெல்லாம் அந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டு. தொப்பைக்காரர் "அட்ஜஸ்ட் பண்ணுங்க மாஸ்டர்" என்றால் பேன்டின் இடுப்பைத் தளர்த்த வேண்டும். துணியைக் குறைத்து வாங்கி வந்தவர் சொன்னால், இல்லாத துணியில் முழுக்கை தைக்க வேண்டும்.

வீட்டில் அதற்கு இன்னும் அர்த்தம் பெருகும். சாப்பாட்டில் உப்பு கரித்தால் அட்ஜஸ்ட்: வாயை மூடிக்கொண்டு தின்னு. தலையணை காணோமா, அட்ஜஸ்ட்: கையை மடக்கித் தூங்கு. மைத்துனர் குடும்பத்தோடு வந்தாலோ, கட்டிலைக் கொடுத்துவிட்டு அடுப்படியில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு படு. போன தடவை பிடித்துக்கொண்ட கழுத்து இன்னும் இடப்பக்கம் திரும்பவில்லை. இந்த ஞாயிறு மறுபடி வருகிறார்.

மனைவியைக் கூப்பிட்டேன்.

"இனிமே யார் வாயில அந்த வார்த்தை வருதோ, அவங்கதான் மாசம் முழுக்கப் பாத்திரம் தேய்க்கணும்."

"நீங்க சொன்னாலுமா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? கேட்டுக் கேட்டுத் தேஞ்சவன்!"

"சரிங்க."

"கட்டில் எனக்குத்தான்."

"உங்களுக்கேதாங்க."

கல்யாணமான நாளாக அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர், அவர் மனைவி, பிள்ளைகள், பெட்டிகள். என் மனைவி வாசலிலேயே கையை விரித்து மறித்தாள்.

"உள்ள வராதீங்கண்ணே! உங்க மாப்ள கட்டிலை விட மாட்டாராம். அண்ணியைக் கூட்டிக்கிட்டு லாட்ஜுக்குப் போயிடுங்க."

தெருக்கோடிவரை கேட்கும் குரல். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடிப்படியில் தலைகள் முளைத்தன. மைத்துனர் கீழே வைத்த பெட்டியைத் திரும்பத் தூக்கினார். என் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

"ஐயோ மச்சான், வாங்க! அவ விளையாட்டுக்குச் சொல்றா!"

"விளையாட்டெல்லாம் இல்லண்ணே. நிஜமாவே இடமில்ல."

"ஏன் இல்ல? நீங்க கட்டில்ல படுங்க மச்சான். நான் எங்கயாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்!"

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தேன். மனைவி சட்டென்று கையை இறக்கினாள். அண்ணனை உபசரித்து உட்காரவைத்தாள். காப்பி கொடுத்தாள். பிறகு தேய்க்கிற நாரை என் கையில் வைத்துச் சொன்னாள்:

"எப்படியும் அடுப்படியிலதானே படுக்கப்போறீங்க, பாத்திரத்தை முடிச்சுட்டே படுங்க."