நனோ டொக்டரும் யாகப்புவின் ஓட்டைப் படகும்

கீரிக் கடற்கரையில் அன்றைக்கு வந்த மீனைப் பார்க்கக்கூட ஆளில்லை. சனம் முழுக்க ஒரு லேஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

முகம் துடைக்கிற வெள்ளை லேஞ்சி. அதை விரித்துப் பிடித்திருந்தவர் டொக்டர் றொட்னி. எதற்கு டொக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு மைக்கில் கதைக்கிற மனிசரிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லையாம். அவர் லேஞ்சியின்மேல் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு மணலில் விழுந்தது. துணியில் பொட்டு ஈரமில்லை. முன்வரிசையில் நின்ற இமெல்டா சிலுவை அடையாளம் போட்டாள்.

இதுதான் நனோ என்றார் றொட்னி. தலைமயிரை ஆயிரக்கணக்கான கீலமாகக் கிழித்தால் வருகிற அளவிலே ஒரு துகள். அவர் போட்டிருக்கிற காற்சட்டைக்கும் அடித்திருக்கிறதாம், சேற்றில் விழுந்தாலும் ஒட்டாதாம். ஆய்வுகூடத்தில் எல்லாம் வெற்றி, இனித் தொழிற்சாலை மட்டும்தான் பாக்கி. அந்தத் தொழிற்சாலையும் கொழும்பில் இல்லை, இந்தத் தீவிலேயே வரப்போகிறது. ஆகவே போத்தில் வாங்குகிறவர்கள் வெறும் வாடிக்கையாளர்கள் அல்ல, பங்காளிகள். தலைமன்னார் றோட்டோரம் பற்றைக்குள் அடிக்கல்லும் நட்டாயிற்று. அதைத் தினமும் தவறாமல் போய்ப் பார்த்து வந்தவை கழுதைகள் மட்டும்தான்.

ஒரு போத்தில் ஒரு நல்ல பாரை மீனின் விலை. அடித்தால் படகுக்குள் தண்ணீர் வராது, உடுப்பில் அழுக்குப் பிடிக்காது. ஆனால் நிபந்தனை உண்டு. மீன் மச்சம் பட்ட கையால் போத்திலைத் தொடக்கூடாது. மீன்பிடிக்கிற ஊரில் மச்சம் படாத கையை எங்கே போய்த் தேடுவது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கிழக்கே பார்த்துக் குலுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சோதித்துப் பார்க்கக்கூடாது.

"துகள் மெத்த நுணுக்கமானது. நீங்கள் சந்தேகப்பட்டா அது விட்டிட்டு ஓடியிடும்" என்றார் றொட்னி.

அடேயப்பா, என்ன ரோசக்காரத் துகள்! மீன்பிடிச் சங்கத் தலைவர் சிங்கராசா பயபக்தியோடு தலையாட்டினார். வரப்போகிற தொழிற்சாலையில் அவருக்கு மனேச்சர் வேலை சொல்லியிருந்தது.

போத்தில்கள் வீடு வீடாக அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் ஏறிக் குந்தின. அதே மாதம் இன்னொரு அதிசயமும் நடந்தது. அஸாமின் கடையில் சரம் சரமாகத் தொங்குகிற ஷாம்பு பக்கற் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் றொட்னியின் ஆள் வாங்கிப் போயிருந்தான். டொக்டர் சரியான சுத்தக்காரர் என்று அஸாம் நினைத்துக்கொண்டார்.

இமெல்டா முதல் போத்திலைத் திருநாளுக்குத் தைத்த வெள்ளைச் சட்டைக்கு அடித்தாள். பூசைக்கு வெளிக்கிடு முன்னமே மீன் குழம்பு தெறித்துச் சட்டை மஞ்சளாகிப்போனது. போய் முறையிட்டாள். மனதின் ஒரு மூலையில் நீங்கள் சந்தேகப்பட்டிருப்பீர்கள் என்றார் றொட்னி. அவளும் வெட்கப்பட்டு இரண்டாவது போத்திலை வாங்கிக்கொண்டு வந்தாள். சட்டையும் அவளது, காசும் அவளது, குற்றமும் அவளது. இப்படி ஒரு வியாபாரம் கிடைத்தால் யார்தான் தொழிற்சாலை கட்டுவான்?

அவளுக்குப் புத்தி வந்தது சட்டையால் இல்லை, புருசன் யாகப்புவால். அவருடைய பைபர் படகின் அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. போனமுறை கடலில் தண்ணீர் அள்ளி அள்ளியே அரை உயிராகக் கரை சேர்ந்தவர் அவர். பைபர் ஒட்டக் கொடுத்தால் படகு கொஞ்ச நாள் கரையில் கிடக்கும். அதற்குப் பொறுமை இல்லாமல் வெடிப்புக்கு உள்ளேயும் வெளியேயும் நனோவை அடித்தார், மேலே பெயின்ற்றும் பூசினார். படகு ஆசீர்வாதம் முடிந்த கையோடு மகன் ஜெனோஜனையும் ஏற்றிக்கொண்டு தூரக் கடலுக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

இமெல்டா மஞ்சள் பட்ட சட்டையை எடுத்துப் பார்த்தாள். மீன் குழம்பையே மறிக்க ஏலாத துகளா கடலை மறிக்கப்போகிறது?

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகில் ஒட்டுப் போட்டால், கடலில் இறக்கு முன் அதை மணலில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, உள்ளே தண்ணீர் நிரப்புவார்கள். அடியில் கசிந்தால் ஒட்டுச் சரியில்லை என்று அர்த்தம். அங்கே விளையாடுகிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் இந்தமுறை ஒரு படகுக்குள்ளும் யாரும் ஒரு வாளி ஊற்றவில்லை. சோதித்தால் துகள் கோவித்துக்கொண்டு ஓடிவிடுமே!

ஆசீர்வாதத்தன்று பாதர் படகுகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். அடுத்ததாக மைக்கைப் பிடித்தார் றொட்னி. அவர் தொண்டையைச் செருமுகிற நேரத்தில் இமெல்டா வாளியோடு வந்து, முட்டுக்கொடுத்து நின்ற யாகப்புவின் படகுக்குள் தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள். யாகப்பு ஓடிவந்து மறித்தார். ஊர் பார்க்க மானத்தை வாங்காதே என்றார்.

"இஞ்சேருங்கோ, எனக்கு வேற புருசனும் இல்லை, வேற பிள்ளையும் இல்லை. ஊத்தி முடிய விடுங்கோ" என்றாள் அவள். அடுத்த வாளியையும் ஊற்றினாள்.

பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்காவும் ஒரு வாளியைத் தூக்கினாள். கொஞ்ச நேரத்தில் பெயின்ற் உப்பியது. முதலில் சொட்டியது, பிறகு ஒழுகியது, கடைசியில் ஊற்றியது. படகுக்குள்ளே வெள்ளை நுரை பொங்கி எழும்பியது. பிரான்சிஸ்கா நுரையைக் கையில் அள்ளி மணந்து பார்த்தாள்.

"இது அஸாம்ட கடை ஷாம்பு மணமெல்லே?"

றொட்னி அசரவில்லை. நனோ வெளித் தண்ணீரை உள்ளே விடாது, உள் தண்ணீரை மட்டும் வெளியே விடும், அதுதான் அதன் புத்தி என்றார். நுரை வருவது துகள் வேலை செய்வதற்கு அடையாளமாம். என்ன சொல்ல, சனம் அதற்கும் தலையாட்டியது. சிங்கராசா கைகூடத் தட்டினார்.

இமெல்டா வாளியை மணலில் வைத்தாள்.

"அப்ப சரி டொக்டர். ஏறுங்கோ. நானும் உங்களோட ஏறுறன். கொஞ்சத் தூரம் போட்டு வருவம்."

றொட்னி கடலைப் பார்த்தார். படகைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற தன் ஆளிடம் மெல்லமாகக் கேட்டார்.

"லைஃப் ஜக்கெற் கிடக்கா?"

மைக் நிறுத்தியிருக்கவில்லை. கடற்கரை முழுக்கக் கேட்டது.

யாரோ சிரித்தார்கள், அடுத்தது யாகப்பு சிரித்தார். அவரே டொக்டரை மரியாதையாகத் தூக்கிப் படகில் ஏற்றினார். இமெல்டாவும் ஏறிக் குந்தினாள். பொடியன்கள் இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளினார்கள். வெளித் தண்ணீர் வெடிப்பால் குபுகுபுவென்று உள்ளே வந்தது. கணுக்காலுக்கு ஏறு முன்னமே டொக்டர் கடலில் குதித்தார். சேறே ஒட்டாத காற்சட்டை காலோடு ஒட்டிக்கொள்ள, நனைந்த கோழிமாதிரிக் கரையேறினார். அவருடைய காற்சட்டைப் பையிலிருந்த லேஞ்சி மட்டும் ஈரமில்லாமல் கிடந்தது.

சிங்கராசா இப்போதுதான் றொட்னியின் சேட்டுக் கொலரைப் பிடித்தார். உண்மை வந்தது. லேஞ்சி அசல், வெளிநாட்டில் ஒரு ஆய்வுகூடத்தில் செய்தது. போத்திலில் இருப்பது பைப் தண்ணீரும் ஷாம்புவும். அப்படியென்றால் தொழிற்சாலை எங்கே என்று கேட்டதற்கு, "கல்லு வைச்சனாங்கள்தானே" என்றார் றொட்னி.

பொலிஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. யாகப்பு படகைப் பைபர் ஒட்டக் கொண்டுபோனார். அடுத்த கிழமை ஒட்டு முடிந்து வந்ததும், தன் கையாலேயே வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசியவில்லை. அதற்குப் பிறகுதான் ஜெனோஜனைப் படகில் ஏற்றினார்.

அன்றைக்கும் அங்கே நின்ற சிங்கராசாவுக்கு ஒரு மனக்குறை. இமெல்டா சந்தேகப்பட்டதால்தான் துகள் ஓடியதோ என்று இழுத்தார். மனேச்சர் வேலை அல்லவா போனது!

இமெல்டா வீட்டுக்குப் போய், அந்தோனியாருக்குப் பக்கத்திலிருந்த இரண்டாவது போத்திலை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"தலைவர், இதைக் கொண்டுபோய்த் தலை முழுகுங்கோ. மண்டைக்கு வெளியில கிடக்கிற ஊத்தை போகும். உள்ளுக்க கிடக்கிறதுக்கு ஒரு ஆய்வுகூடத்திலயும் இன்னும் ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை. அதுக்கு நீங்கதான் யோசிக்கோணும்."