ஒரே குண்டில் மூன்று பேர்

என்னைப் பார்த்தால் கொசு அடிக்கக்கூடக் கை வராத ஆள் என்று நினைப்பீர்கள். சரிதான். ஆனாலும் நான் ஒரே குண்டில் மூன்று பேரைக் கொன்றிருக்கிறேன். அந்த மூவரில் நானும் ஒருவன். (பயப்படாதீர்கள், இதை எழுதுவது ஆவி இல்லை.)

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். ஒரு வாரமாகச் சாலையெங்கும் புளியமரங்கள் வெட்டுப்பட்டுக் குறுக்கே கிடந்தன. கள்ளக்குறிச்சியில் எங்கள் பாத்திரக் கடை திறந்திருந்த நேரத்தைவிட மூடியிருந்த நேரம்தான் ஜாஸ்தி. மரங்களை அகற்றி பஸ் விட்ட மறுநாளே எனக்கு நிச்சயதார்த்தம் வைத்துவிட்டார்கள். பெண் வீட்டார் உளுந்தூர்பேட்டையிலிருந்து மதியம் வருவதாக ஏற்பாடு.

வினை என் மாமு வடிவில் வந்தது. மாமு என்றால் அம்மாவின் தம்பி, பாண்டிச்சேரிக்காரர். சம்பந்தம் பேசப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு யாவாரத்த வுட்டா வேற இன்னா தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். கேரம் ஆடுவான் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. மாமு, "துப்பாக்கி சுடுவாருங்க, வச்ச குறி தப்பாது" என்று அளந்துவிட்டு வந்தார்.

பெண்ணின் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நிச்சயத்தன்னிக்குச் சாப்ட்டுட்டு, மாப்பிள்ள சுடறத பாத்துடலாம்" என்றாராம்.

துப்பாக்கி மாமுவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய ஒரு கிழவரிடம் வாங்கியது. அந்தக் காலத்து ஐரோப்பியத் துரைமார்கள் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக் கூடத்திலேயே நின்று அட்டையைச் சுட்டு விளையாடுவதற்காகச் செய்த பிஸ்டல் அது. சாண் நீளக் குழல். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. குண்டு மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. (லைசென்ஸ் உண்டா என்று கேட்டேன். "இது ஆண்டிக்குடா, பழங்காலத்துச் சாமான்" என்றார் மாமு. சட்டம் அதோடு முடிந்தது.)

"எனக்குச் சுடத் தெரியாதே மாமு!"

"மதியந்தானடா வராங்க? காலையில கத்துக்க."

நேரம் கம்மி என்பதால் நிச்சயத்துக்கு வாங்கிய வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, அதன்மேல் புதுப் பச்சை பெல்ட் எல்லாம் கட்டிக்கொண்டே கிளம்பினேன். கெத்து வேறு! கச்சிராயபாளையத்தில், கோமுகி அணைக்குக் கீழே என் சிநேகிதன் தனசேகரின் கரும்புக் கொல்லை. அவன் ஒரு வாரம் மறியலில் உட்கார்ந்து கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தான்.

"ஊரே பத்திக்கினு எரியுது. உனுக்கு இப்பதான் துப்பாக்கி கேக்குதா?" என்றான். பிஸ்டலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னாடா சாவும்?" என்றான்.

மண்மேட்டில் ஒரு டால்டா டின்னை வைத்தோம். தோட்டாக்களும் ஆண்டிக் போலிருக்கிறது. ஏழு தோட்டா 'டிக்' என்றதோடு சரி. எட்டாவதும் அப்படித்தான் என்ற நம்பிக்கையில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு அழுத்தினேன்.

டப்!

எங்கள் கடையில் குக்கர் மூடி விழுந்தால் இதைவிடச் சத்தம் வரும். ஆனால் வீரன் நான் ஒரு முழம் பின்னால் எகிறி, செம்மண் தண்ணீர் ஓடிய வாய்க்காலில் மல்லாக்க விழுந்தேன். கால் பிசகிவிட்டது. வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. தனசேகர் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு ஓடினான். அணை ரோட்டில் டவுன் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. தலைகீழாகத் தொங்கியபடி அதை நானும் பார்த்தேன். ஜன்னலெல்லாம் தலைகள்.

தனசேகர் மொபெட்டில் கொண்டுவந்து விட்டான். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. குளித்து, உடுப்பை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, வேறு சட்டை மாற்றி, நொண்டிக்கொண்டே கடைக்கு வந்தால், பஜாரில் ஷட்டர்கள் படபடவென்று இறங்குகின்றன.

"அணையாண்ட சுட்டுட்டாங்களாம்! மூணு பேரு காலியாம்!"

அந்த வாரம் வேறு ஊர்களில் போலீஸார் நிஜமாகவே சுட்டிருந்தார்கள். அதனால் ஊரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. முட்டாள் நான்தான். கடை வாசலில் நின்று வாய் கிழியப் பேசினேன். "இன்னா அக்கிரமம் இது! யாரு பெத்த புள்ளைங்களோ!" என்று கண்கூடக் கலங்கினேன். காலையில் அணைக்கருகே ஒருவன் சுட்டது எனக்குத் தெரியும். அது நான்தான் என்பது மட்டும் தோன்றவில்லை.

அப்போது கடை போன் அடித்தது. அத்தா, அதாவது என் அப்பா, எடுத்தார். பேசியவர் பெண்ணின் அப்பா. தியாகதுருகம்வரை வந்துவிட்டாராம்.

"எதுர்ல வந்த பஸ்ல சொன்னாங்களாம்" என்று அத்தா எங்களுக்கும் சேர்த்துச் சொன்னார். "வேன திருப்பறாங்களாம். நிச்சயத்தன்னிக்கே சாவு மௌத்து வுழுந்தா இந்தச் சம்பந்தமே வாணாம்னு பொம்பளைங்க அழுவுறாங்களாம்."

பெண்ணை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். ஆனால் அந்த ஒரு முறையிலேயே எனக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது.

"செத்ததுல ஒருத்தன் நம்ம ஜமாத்துப் பையனாம்" என்று அத்தா தொடர்ந்தார். "வெள்ளக் கைலி, பச்ச பெல்ட்டு. ரத்தம் சொட்டச் சொட்டத் தோள்ல போட்டுக்கினு ஓடனாங்களாம்."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். பின்கதவு வழியே கொடி தெரிந்தது. கொடியில் பச்சை பெல்ட். அதிலிருந்து சிவப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டால் பெண் போய்விடும். திறந்தால் மானம் போகும். போனை வாங்கினேன்.

"சலாம் மாமா, மாப்பிள்ளை பேசறேன். மௌத்தானது நான்தாங்க."

நடந்ததை மென்று முழுங்கிச் சொல்லி முடித்தேன். அவர் கணக்குக் கேட்டார்.

"அப்ப மத்த ரெண்டு பேரு?"

"ஒருத்தன் என்னத் தூக்கிக்கினு போனவன். மூணாவது யாருன்னு தெரியலீங்க. டால்டா டின்னா இருக்கும்."

"டின்ல பட்டுச்சா?"

"இல்லீங்க."

அவர் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி பஜாருக்கே கேட்டிருக்கும். வேன் வந்தது. நிச்சயம் நடந்தது. (அதற்கு முன் அத்தா விட்ட அறை, பிஸ்டலைவிட நல்ல சத்தம்.)

மறுநாள் டீக்கடையில் உண்மையைச் சொன்னேன். "மறைக்கப் பாக்கறாங்க, இவன் ஒத்து ஊதறான்" என்று என் டீயையே பிடுங்கப் பார்த்தார்கள். மூவரும் செத்தது செத்ததுதான்.

போன மாதம் கச்சிராயபாளையம் பஸ்ஸில் நானும் என் மனைவியும் போய்க்கொண்டிருந்தோம். அணை ரோடு வந்ததும் முன் சீட்டுப் பெரியவர் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். "இங்கதாம்மா அந்தக் காலத்துல மூணு பேர சுட்டாங்க. ஒருத்தன் உங்க ஆளுங்க பையன். என் கண்ணால பாத்தேன்."

நான் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டேன். என் மனைவி மட்டும் அக்கறையாகக் கேட்டாள். "பையன் பாக்க எப்படிங்க இருந்தான்?"

"ராஜாவாட்டம் இருந்தாம்மா!"

அவள் என்னைத் தலை முதல் கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப அது வேற ஆளுங்க" என்றாள்.