அடுத்த வருசத்து அண்ணாச்சி

பிள்ளைகளே, இந்த உலகத்தில் எல்லாரையும்விட ஒரு வருடம் முன்னாலேயே வாழ்ந்துகொண்டிருக்கிற மனிதர் ஒரே ஒருவர்தான். சிவகாசியில் நான் மிஷின் ஓட்டும் காலண்டர் கம்பெனியில் அவர் புரூஃப் பார்க்கிறார். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு தாளிலும் தேதி, கிழமை, அமாவாசை எல்லாம் சரிதானா என்று பார்ப்பது அவர் வேலை. அடுத்த வருடக் காலண்டரை நாங்கள் இந்த வருடமே அடித்துவிடுவதால், அவர் தலைக்குள் எப்போதும் அடுத்த வருடம்தான் ஓடும். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் சொல்வார். எங்களுக்கு அவர் 'அடுத்த வருசத்து அண்ணாச்சி'.

ஒருமுறை, அடுத்த வருடத் தேதியை நம்பி, தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கும்போதே எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, விடியும்போது தெருவில் ஒரு சரவெடியைக் கொளுத்திவிட்டார். எங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்கு யார் எழுந்திருப்பார்கள்? எவனோ சாம்பிள் பார்க்கிறான் என்று திரும்பிப் படுத்துக்கொண்டோம். வீடு வீடாக வாழ்த்துச் சொல்ல வந்தவருக்குப் பலகாரம் கிடைக்கவில்லை, பழைய சோறுதான் கிடைத்தது. அதையும் விடாமல் எல்லா வீட்டிலும் சாப்பிட்டார்.

காரியாபட்டியில் ஒரு கல்யாணம். பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது. அண்ணாச்சி பெண்ணின் அப்பாவை ஓரமாக அழைத்துப்போய், அந்தத் தேதி திங்கள்கிழமை, அன்றைக்கு அஷ்டமி வேறு என்று சொல்லிவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்த மனிதர் மோர் குடித்த பிறகுதான் எழுந்தார்.

அதுவரை எல்லாம் சிரிப்புதான். வயது எழுபதை நெருங்கியபோது வேறு மாதிரி மறதி வந்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியவர், மறுபடியும் தூக்குவாளியைத் திறப்பார். பசை என்ற சொல் வராமல், "அதான்லே, ஒட்டுமே, அது" என்று தவிப்பார். ஒருநாள் அவர் பார்த்து அனுப்பிய புரூஃபில் புதன் முடிந்ததும் வெள்ளி வந்தது.

முதலாளி கூப்பிட்டு, "ஒரு வியாழக்கிழமையத் தொலைச்சுப்புட்டீகளே அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இங்கனதான வச்சேன்."

நாங்கள் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. டாக்டர் சரி என்றால் வரட்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி வீட்டு மதினிக்கு ஒரே அழுகை. அந்த வேலையை எடுத்துவிட்டால் அண்ணாச்சியில் மிச்சம் வேட்டி மட்டும்தான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

விருதுநகருக்கு நான்தான் அழைத்துப்போனேன். இது எந்த வருடம் என்பதுதான் டாக்டரம்மாவின் முதல் கேள்வி. அண்ணாச்சி கம்பீரமாக அடுத்த வருடத்தைச் சொன்னார். டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. நான் பதறிப்போய், இது மறதி இல்லை, தொழில் என்று விளக்கினேன். சரி, நீங்கள் சொல்லுங்கள் என்று என் பக்கம் திரும்பினார். காலண்டர் சீசன் நேரம். நானும் அடுத்த வருடத்தைத்தான் சொன்னேன்.

"உங்களுக்கும் ஒரு டோக்கன் போட்டுருவமா?" என்றார் டாக்டரம்மா.

அப்புறம் சாவி, மாம்பழம், குடை என்று மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். அண்ணாச்சி மாம்பழம் என்றார். அதற்குமேல் வரவில்லை. வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். நான் டாக்டரம்மாவுக்குப் பின்னால் நின்று குடை பிடிப்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"என்னலே கையத் தூக்கிட்டு நிக்க? பஸ்ஸா வருது?" என்றார்.

பத்தாவதோடு நின்ற எனக்கும் புரியும்படி டாக்டரம்மா சொன்னார். மூளைக்குள் எண்ண முடியாத அளவுக்குக் குட்டிக் குட்டி செல்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி தாவும் இடம் உண்டு. வயதானால் அந்த இடங்களில் சில பலம் குறையும், சில இல்லாமலே போகும். சரவெடியில் வெடி நன்றாக இருந்தும் திரி நமத்துப்போனால் நெருப்பு அடுத்ததுக்குப் போகாது அல்லவா, அதுபோல. வயதானால் எல்லாருக்கும் இது கொஞ்சம் உண்டு, அண்ணாச்சிக்குக் கொஞ்சம் அதிகம், இன்னும் சில டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார்.

"நமத்த திரிய வெயில்ல காயப் போட்டா சரியாயிருமா டாக்டரம்மா?"

"எல்லாம் சரியாகாது ஐயா. ஆனா தினமும் நடந்தா, நாலு பேரோட பேசுனா, புதுசா எதையாவது கத்துக்கிட்டா, புது இணைப்பும் உண்டாகும்."

"அப்ப நான் வேலைக்குப் போலாமா?" மெதுவாகத்தான் கேட்டார். வருகிற பதிலுக்குப் பயந்து என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போங்க. தனியாப் பாக்காதீங்க."

முதலாளி ஒத்துக்கொண்டார். புதிதாகக் கற்றுக்கொள்ள அண்ணாச்சி விசில் அடிப்பதைத் தேர்ந்தெடுத்தார். முதல் நாளே பல்செட் பசை வாளிக்குள் போய் விழுந்தது. காலையில் மட்டும் வருகிறார். நான் புரூஃபைச் சத்தமாக வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். கடைசியில் இன்னொருவரும் ஒருமுறை சரிபார்த்துவிடுவார்.

சில நாள் என் பெயர் அவருக்கு வராது. போன வாரம் ஒரு தாளை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார்.

"ஏலே, உன் பேரு நிக்க மாட்டேங்குதுலே. ஆனா நீ வந்து பக்கத்துல உக்காந்தா நிம்மதியா இருக்கு."

"மாரி, அண்ணாச்சி" என்றேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.