நூற்றியெட்டு என்று சொல்லித் தொலைத்தேன்

நான் எதையும் முடித்ததில்லை. இதை நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சண்முகம் உங்களிடம் வந்து விலாவாரியாகச் சொல்லிவிடுவார். தையல் வகுப்புக்குப் போய் ஒரு தலையணை உறையின் மூன்று பக்கத்தைத் தைத்தேன் (நாலாவது பக்கம் திறந்துதானே இருக்கணும் என்று இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறேன்). ஹிந்தி வகுப்பில் எழுத்துகளைத் தாண்டவில்லை. மொட்டைமாடியில் தக்காளி போட்டு, அது பூக்கிற நேரமாகப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன்.

அப்படிப்பட்டவள் முப்பத்தொன்பதாவது வயதில், ஓடப்போகிறேன் என்று அறிவித்தேன். விசைத்தறி முதலாளி ஒருவரின் அலுவலகத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை. வீட்டு மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, சுவரில் ஏதோ அழுக்கைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்வேன். செல்போனில் ஒரு ஆப் இறக்கினேன். 'எட்டே வாரத்தில் ஐந்து கிலோமீட்டர்' என்று சத்தியம் செய்தது. தம்பி வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் பெட்டியிலேயே கிடந்தது, அதையும் கட்டிக்கொண்டேன்.

சண்முகம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏட்டி, எத்தனை நாளைக்கு?"

"முடிக்கிற வரைக்கும்."

"மூணு நாளு. நாலாவது நாளும் நீ ஓடிட்டேன்னு வையி, மீதி எத்தனை நாளு உண்டோ, அம்புட்டையும் நான் ஓடுதேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த ஒன்றையாவது முடித்து அந்தச் சிரிப்பை அடக்காவிட்டால் நான் கோமதி இல்லை என்று மனசுக்குள் சபதம் போட்டேன் (எங்கள் ஊரில் இந்தச் சபதத்துக்கு மதிப்பு கிடையாது. அம்பாள் பெயர் என்பதால் தெருவுக்கு நாலு கோமதி உண்டு).

திங்கட்கிழமை ஆரம்பிக்கச் சொன்னது ஆப். அந்தத் திங்கட்கிழமைதான் ஆடித்தபசுக்குக் கொடியேற்றம். சங்கரன்கோவில்காரிக்கு அது தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கோயிலைச் சுற்றியிருக்கும் ரதவீதியைத் தேர்ந்தெடுத்தேன். திருவிழாவுக்காகப் பெருக்கிச் சுத்தமாக இருக்கும், விளக்கு எரியும், நாய் வராது. வேண்டுதலுக்காகக் கோயிலைச் சுற்றுகிற பெண்கள் விடியற்காலையிலேயே கூட்டமாக நடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நம்மை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளிலேயே மிக மட்டமான கணக்கு அது.

முதல் ஐந்து நிமிடம் வேகமாக நடக்கச் சொன்னது ஆப். நடந்தேன். வாட்ச்சில் நாடித்துடிப்பு தெரிந்தது. அதைப் பார்ப்பதற்காகக் கையைத் தூக்கியபோது, பூக்கடை பேச்சியம்மாள் அக்கா என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி கோமதி, எத்தனைட்டி?"

வாட்ச்சைப் பற்றித்தான் விசாரிக்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"நூத்தியெட்டு, அக்கா!"

சொல்லி முடிக்கவும் வாட்ச் அதிர்ந்தது. 'ஓடு' என்று அர்த்தம். ஓடினேன். முதுகுக்குப் பின்னால் அக்காவின் குரல் வீதி முழுக்கக் கேட்டது.

"ஏ, இங்கன பாத்தியளா! நம்ம கோமதி நூத்தியெட்டு சுத்தையும் ஓடியே சுத்துதாளாம்!"

ஆடியில் நூற்றியொன்று, நூற்றியெட்டு, ஆயிரத்தியொன்று என்று கோயிலைச் சுற்றுவதாக வேண்டிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். நடந்து சுற்றுவார்கள். யாரும் ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. (புத்தியுள்ளவளாக இருந்து இடம்வலமாக மாற்றி ஓடியிருந்தால் தப்பித்திருப்பேன். சாமியைச் சுற்றுகிற திசையிலேயே ஓடித் தொலைத்தேன்.)

இரண்டாவது சுற்று முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அக்காவின் முன்னால் நின்றேன். அவள் என் காலைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"அடிப் பாவி, அம்பாளைச் சுத்துத காலுல பூட்ஸா? கழத்துட்டி!"

கழற்றி வாங்கிப் பூக்கூடைக்கு அடியில் வைத்துவிட்டாள். ஒரு டப்பாவில் இரண்டு புளியங்கொட்டை போட்டுக் காட்டினாள். "நீ ஓடு மக்கா, எண்ணிக்கையை நான் பாத்துக்கிடுதேன். நடுவுல மட்டும் நின்னுராத, சாமி குத்தமாயிரும்." சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள். ஒருத்தி பானகம் கொடுத்தாள். இன்னொருத்தி என் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பிடித்திருந்தது. நான் ஒன்றை முடிப்பேன் என்று என் முப்பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாக யாரோ நம்பினார்கள். அதை எப்படி வேண்டாம் என்று சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

திருவிழா பன்னிரண்டு நாள். நாளுக்கு ஒன்பது சுற்று என்று அக்காவே பிரித்துக் கொடுத்தாள். ஆப் என்னை ஒரு நிமிடம் ஓடி ஒன்றரை நிமிடம் நடக்கச் சொல்லும். நான் நடந்தால் போதும், "என்ன கோமதி, முடியலையா?" என்று பத்துக் குரல் கேட்கும், உடனே ஓடுவேன். ஆப் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வெடுக்கச் சொல்லும். அக்காவின் டப்பாவில் ஓய்வுக்குப் புளியங்கொட்டை கிடையாது. உற்சாகம் குறையாமலிருக்கக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள், உன் இலக்கை நாலு பேரிடம் சொல்லிவை என்று ஆப்பில் எழுதியிருந்தது. நாலு பேர் என்ன, மேலநீலிதநல்லூரிலிருந்து சாமி கும்பிட வந்தவர்களுக்கே என் இலக்கு தெரிந்திருந்தது. வாரக் கடைசியில் உனக்கு நீயே பரிசு கொடுத்துக்கொள் என்றும் இருந்தது. நான் மட்டன் பிரியாணி என்று முடிவு செய்திருந்தேன். வேண்டுதல்காரி வீட்டில் கறியா என்று அக்கா கேட்டதில் அதுவும் போயிற்று. எனக்கு மட்டுமில்லை, சண்முகத்துக்கும்.

"நீ ஓடுததுக்கு நான் ஏம்ட்டி சாம்பார் திங்கணும்?" என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார்.

மூன்றாம் நாள் ராத்திரியே முழங்காலுக்குக் கீழே எலும்பு விண்விண்ணென்று தெறித்தது. 'வலி இருந்தால் நிறுத்து' என்று ஆப்பில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நாளைக்கு நாலாவது நாள், நிறுத்தினால் சண்முகம் சொன்னது பலித்துவிடும். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

நாலாவது நாள் நான் ஓடினேன். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஐந்து சுற்று முடிந்தது. பூக்கடையைத் தாண்டப்போகும்போது வலது கெண்டைக்கால் சுருட்டி இழுத்துக்கொண்டது. அப்படி ஒரு வலியை நான் பிரசவத்தில்கூடப் பார்க்கவில்லை. ஒற்றைக் காலில் குதித்தேன், தலைமுடி அவிழ்ந்தது, "ஆ...!" என்று அலறினேன்.

அடுத்த நொடி வீதி முழுக்கக் குலவைச் சத்தம் கிளம்பியது.

"தாயீ! கோமதிக்கு அருள் வந்துட்டு!"

குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் என் தலையில் விழுந்தது. யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். நெற்றி முழுக்கக் குங்குமத்தை அப்பினார்கள். பேச்சியம்மாள் அக்கா கண்ணீரோடு என் முன்னால் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா, எம் மவனுக்கு எப்ப பொண்ணு அமையும்? வாய் திறந்து சொல்லும்மா!"

"காலு...! காலு...!" என்று கதறினேன்.

"நாலா? நாலு மாசத்துலயா தாயீ?"

"ஐயோ காலு, அக்கா, காலு!"

"ரெண்டு தடவை நாலுன்னுட்டா! அப்ப எட்டு மாசமோ?" என்று பக்கத்தில் ஒருத்தி சந்தேகம் கிளப்பினாள். அக்கா அவளை முறைத்தாள். "நாலுதான். எனக்கு நல்லாக் கேட்டுது."

நாலாவது நாளும் ஓடுகிறேனா என்று பார்க்கச் சண்முகம் பைக்கில் வந்துசேர்ந்தது அப்போதுதான். ஈரப் புடவையும் வேப்பிலையுமாக நான் நடுவீதியில் கிடக்க, என் காலில் அக்கா கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இது?"

"தம்பி, சாமி இப்பத்தான் மலையேறுச்சு, சத்தம் போடாதிய," என்றாள் அக்கா. டப்பாவைக் குலுக்கினாள். "முப்பத்திரெண்டு ஆயிட்டு. இன்னும் எழுபத்தாறு கெடக்கு. பொண்டாட்டிக்கு முடியலைன்னா புருசன்தான் முடிச்சு வைக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். நாலு விரலை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா ஓடுறீங்க?" என்றார்.

"நாலு நாளா."

"அதுக்கு முன்னாடி?"

"முப்பத்தொன்பது வருசமா உக்காந்திருந்தேன்."

மூன்று வாரம் அசையக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். சண்முகம் மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றிப் பூக்கூடைக்கு அடியில் வைத்தார். ஏழு நாள் ஒன்பது ஒன்பது, கடைசி நாள் பதின்மூன்று. நடப்பாரே தவிர ஓடமாட்டார், கெட்டிக்காரர். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்று அவர் ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறார். தொப்பையைக் காணோம். 'அவசரப்படக் கூடாதுட்டி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்' என்று எனக்கே பாடம் எடுக்கிறார். என் ஆப் இன்னும் முதல் வாரத்திலேயே நிற்கிறது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சரியாக நாலாவது மாதம் அக்காவின் மகனுக்குச் சிவகிரியில் பெண் அமைந்தது. முதல் பத்திரிகை எனக்குத்தான் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் 'காலுசாமி'. கரண்ட் எப்போது வரும், பஸ் எப்போது வரும் என்று யார் கேட்டாலும், "காலுசாமிட்ட கேளு" என்பார் சண்முகம்.

இந்த வருடம் கொடியேற்றத்துக்கு இருவரும் போனோம். வாட்ச்சைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பூக்கடைப் பக்கம் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் அக்கா எங்களைக் கண்டதும் டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"இந்த வருசம் எத்தனை மக்கா?"

இந்தமுறை ஏமாறக் கூடாது என்று, ஒற்றை விரலைத் தூக்கிக்காட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஒண்ணு!"

அக்காவின் கண் விரிந்தது. "ஆயிரத்தி ஒண்ணா! தாயீ!"

பக்கத்தில் நின்ற சண்முகம் குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.