சாமியாடி விற்பனைக்கு

“நிப்பாட்டும், அழகுமுத்து! முதல்ல இதை நிப்பாட்டும்!”

துரைராசா மாஸ்டர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கத்தினார். அழகுமுத்துவுக்கு அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அந்தக் காரை இத்தனை வருடம் ஓட்டியதில் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. சாவியைத் திருப்பினார். கார் உடனே நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உலுக்கி, இருமி, ஒருவழியாக ஓய்ந்தது.

“இது காரோ, கல்லுடைக்கிற மெசினோ? இதில நான் பள்ளிக்கூடம் போனால் பிள்ளையள் பயந்து ஓடிப்போடுங்கள்.”

“சத்தம் மட்டுந்தாங்க மாஸ்டர். மத்தபடி தங்கமான காருங்க.”

“அப்ப சத்தத்தைக் குறைச்சுக்கொண்டு வாரும். பிறகு கதைப்பம்.”

அழகுமுத்து களைத்துப்போய், மாஸ்டரின் ஊரான வட்டவளையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினார்.

அது ஒரு காலத்தில் சாதுவான ஆஸ்டின் காராகத்தான் இருந்தது. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து லொறிகளை ஏலம் போட்டபோது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கிரஹாம் ஒரு பெரிய எஞ்சினை வாங்கிவந்து அதற்குள் திணித்தார். எஞ்சினுக்கு மூடி பொருந்தவில்லை. மூடியைக் கழற்றி எறிந்தார். பாரம் குறையட்டும் என்று மட்கார்டுகளை வெட்டினார். கதவுகளும் போயின. புகை போக இரண்டு பக்கமும் தொடை கனத்தில் இரண்டு குழாய்கள் வைத்து, மிச்சமிருந்த உடம்புக்குச் சிவப்புச் சாயம் பூசினார். எல்லாம் ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்துக்காக. ஒரே ஒரு வருடம் மூன்றாவதாக வந்தார். அந்த வருடம் ஓடியவை மூன்று கார்கள்தான்.

பந்தயம் இல்லாத நாட்களில் அழகுமுத்து ஓட்ட, துரை பக்கத்தில் உட்கார்ந்து மலை மலையாகப் போய்க் கொழுந்து பறிப்பவர்களின் வேலையை மேற்பார்ப்பார். முடுக்கியதும் அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்து ஜனங்கள் ‘சாமியாடி’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

இப்போது கிரஹாம் துரை சீமைக்கே திரும்புகிறார். போகுமுன் அழகுமுத்துவைக் கூப்பிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

“கார் விக்கிறது, நீ லொறி ஓட்டுறது. கார் விக்கல, புது தொரைக்கு கார். காருக்கு நீ.”

தேயிலைப் பெட்டி ஏற்றுகிற அந்த லொறியில் கூரை இருந்தது. கதவுகள் இருந்தன. மழை பெய்தால் நனையாது. இருக்கையில் மெத்தை இருந்தது. அழகுமுத்துவின் இடுப்பு போய்விட்டது, காது போய்க்கொண்டிருந்தது. மழையில் பிடித்த தடிமன் மட்டும் போகவே இல்லை. வாழ்க்கையில் அவர் வேறெதற்கும் இப்படி ஏங்கியதில்லை.

நடந்ததைக் கேட்டதும் அவர் மனைவி அம்மாக்கண்ணு, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு ஒரு யோசனை சொன்னாள்.

“சத்தந்தானேங்க? கொழாயில சாக்கை அடைச்சுப்புட்டா தீந்துச்சு.”

“பத்திக்கிட்டா?”

“நனைச்சு அடைங்க. என்னாங்க நீங்க, இதுக்குப் போயி.”

அவளே சாக்குத் துண்டுகளைக் கொண்டுவந்து, உலக்கையால் இடித்து இடித்து இறுக்கியும் கொடுத்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து தன் வேலையில் அவள் இவ்வளவு அக்கறை காட்டியதே இல்லை என்று அழகுமுத்துவுக்கு மனசு நெகிழ்ந்துபோனது.

மறுநாள் சாமியாடி சாதுவாகக் கிளம்பியது. ஏழாம் நம்பர் மலை வளைவில் பெரிய கங்காணி மாயாண்டி ஒரு மரத்தடியில் முண்டாசைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். பக்கத்தில் வந்துவிட்ட காரைக் கண்டதும் அலறியடித்து எழுந்தவர் வடிகானுக்குள் விழுந்தார்.

“ஏன்டா, இப்படியா சொல்லாம கொள்ளாம வாரது?”

“காருதானேங்க கங்காணி. தந்தி அடிச்சுட்டா வருவாங்க?”

மாஸ்டர் வீட்டு முற்றம்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாஸ்டர் காரைச் சுற்றி வந்து, “ம்ம், பரவாயில்லை. ஒருக்கா நல்லா முடுக்கும் பாப்பம்” என்றார்.

அழகுமுத்து முடுக்கினார். டமார்! வலது குழாயிலிருந்து புறப்பட்ட சாக்கு உருண்டை புகைந்தபடி பறந்துபோய், வெயிலுக்குக் கொடியில் போட்டிருந்த சேலையில் அப்பியது.

“ஐயோ, என்ர கூறைச் சேலை!” என்று மாஸ்டரின் மனைவி பூரணம் ஓடிவந்தாள்.

மாஸ்டர் வாசற்கதவைத் திறந்துவிட்டுக் கையைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து இடது குழாயும் வெடித்தது. வழி திறந்துகொண்டதாலோ என்னவோ, திரும்பி வரும்போது சத்தம் முன்னைவிடக் கூடியிருந்தது.

அடுத்து வந்தவர் ஹட்டனில் கடை வைத்திருந்த பியதாச முதலாளி. அவருக்குச் சத்தம் பெரிசில்லை. ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்.

“கார் ஹரி ஷோக், ரொம்ப அழகு. ஆனா குடல் எல்லாம் வெளிய தெரியுது. மூடி போடு. சிவப்பு வேணாம், கறுப்பு அடி. பொண்ணு போற கார் இல்லையா?”

மூடிக்கு எங்கே போவது? அழகுமுத்து உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைப் பொறுக்கி, அறுத்து, ஆணி அடித்து ஒரு மூடி செய்தார். சாயத்துக்கும் அம்மாக்கண்ணுதான் கைகொடுத்தாள். வாளி நிறையக் கறுப்பாக எதையோ கரைத்துக் கொண்டுவந்தாள்.

“எங்க புள்ள வாங்குன?”

“தெரிஞ்சவுக குடுத்தாங்க. நீங்க அடிங்க. மழைக்கே அசையாதாம்.”

இரண்டு பூச்சுப் பூசியதும் கார் புது மாப்பிள்ளைச் செருப்பாக மினுங்கியது. முதலாளியை நேரில் பார்க்க வைத்துவிடலாம் என்று ஹட்டனுக்குக் கிளம்பினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மலைநாட்டில் மழை பெய்யாமல் வேறென்ன பெய்யும்? நனைந்துகொண்டே போய்க் கடை வாசலில் நிறுத்தியபோது கார் நின்ற இடமெல்லாம் கறுப்பாக ஓடியது. உள்ளேயிருந்து முதலாளி வந்தார். அவர் மனைவி வந்தாள். கல்யாணப் பெண்ணும் வந்து எட்டிப் பார்த்தாள். கறுப்பு கரைந்து இறங்க இறங்க, சிவப்பு உடம்புக்கு மேலே பெட்டிப் பலகை பளிச்சென்று தெரிந்தது. அதில் தோட்டத்துப் பேரும், அதன்கீழே கொட்டை எழுத்தில் ‘பி.ஓ.பி.’ என்று தேயிலைத் தரமும்.

“மொகத மே? என்ன இது?” என்றார் முதலாளி. “என் மகளை புருஷன் வீட்டுக்கு அனுப்புறதா, கொழும்புக்கு தேயிலை ஏலத்துக்கு அனுப்புறதா?”

பெண் அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். எஞ்சின் சூட்டில் பலகை புகைய ஆரம்பித்தது. அழகுமுத்து மூடியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். எதையும் நினைக்கவே அவருக்கு அலுப்பாக இருந்தது. லொறியை மட்டும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தார், அழுகை வரும்போலிருந்தது.

துரை கப்பலேற இரண்டே நாள் இருக்கையில் மாயாண்டி கங்காணி வந்தார்.

“அழகுமுத்து, சாமியாடியை நாங்க எடுத்துக்கிறோம்.”

“நாங்கன்னா யாருங்க?”

“கோயில் கமிட்டி. அம்மன் ஊர்வலம் போறதுக்கு ஆகும்ல. திருவிழாச் சந்தா இருக்கு. தொரைகிட்ட பேசியாச்சு, அவரும் சரின்னுட்டாரு.”

அழகுமுத்து கங்காணியின் காலில் விழாத குறை. “சத்தத்தை வேணா கொறைச்சுத் தாரேங்க.”

“அதைத் தொட்ட, கையை முறிச்சுப்புடுவேன்.”

“கோயிலுக்கு இம்புட்டுச் சத்தம் எதுக்குங்க?”

“அம்மனுக்குச் சத்தம்னா பிரியம்டா” என்றார் கங்காணி.

கிரஹாம் துரை போனார். அழகுமுத்து லொறியில் ஏறினார். கதவைச் சாத்தித் திறந்து, மறுபடி சாத்திப் பார்த்தார். மெத்தையில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பது இவ்வளவு சுகம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அந்த வாரம் அவர் வீட்டில் யாரிடமும் எரிந்து விழவில்லை.

வாரக் கடைசியில் புதுத் துரை ரத்னாயக்க வந்தார். சின்ன வயது. பங்களா வாசலில் மாலையோடும் தப்பு மேளத்தோடும் ஜனங்கள் காத்துநிற்க, அவருடைய சின்ன மொரிஸ் கார் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றது. அவரே இறங்கிவந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்ட பிறகுதான் கங்காணி திரும்பிப் பார்த்தார். கூட்டமே வெலவெலத்துப் போனது.

மாலை விழுந்ததும் கங்காணி தொண்டையைச் செருமினார்.

“தொரைங்களுக்கு தோட்டத்து ஜனங்க சார்பா ஒரு சின்ன அன்பளிப்புங்க.”

தப்பு முழங்க, பங்களாவின் பின்பக்கத்திலிருந்து நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு, சிவப்பாக, சாமியாடி.

லொறிக்குப் பக்கத்தில் நின்ற அழகுமுத்து அதன் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

புதுத் துரை சின்னப் பிள்ளையாகத் துள்ளிக்கொண்டு ஏறினார். “ரேஸ் கார்! சொந்தக் காரை நாளைக்கே கொழும்புக்குத் திருப்பி அனுப்பிடுறேன். இனி தோட்டம் சுத்துறது எல்லாம் இதுலதான். இதுக்கு டிரைவர் யாரு?”

ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாக் கைகளும் அழகுமுத்துவைக் காட்டின. அம்மாக்கண்ணுவின் கையும் அதில் இருந்தது. அவர் அவளைத் தனியே இழுத்துப்போனார்.

“ஊருக்குத்தான் பைத்தியம்னா, உனக்கும் புடிச்சிருச்சா? நல்ல காரை வச்சிருந்த மனுசனுக்கு இதை எதுக்குடி குடுத்தீங்க? எம் பொழப்புல ஏன் புள்ள மண்ணை அள்ளிப் போட்ட?”

அம்மாக்கண்ணு முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

“கோவிச்சுக்காதீங்க. சத்தமில்லாத காருல தொரை வந்தா, மலையில நாங்க எப்பங்க உக்காந்து ஒரு வாய் வெத்தலை போடுறது?”