நியாயமாகத் தோற்பது எப்படி

சபாபதியிடம் மிச்சமிருந்தவை நாற்பது சோடா மூடிகள். அவற்றையும் சீக்கிரம் தொலைத்துவிட வேண்டும். ஆனால் வேண்டுமென்றே தொலைத்தான் என்று மேனேஜர் திருநாவுக்கரசுக்குத் தெரியக்கூடாது.

"சாரை ஜெயிச்சிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மச்சான் ட்ரான்ஸ்பர் கேப்ப?" என்று பக்கத்து மேசைச் சிங்காரம் காலையிலேயே எச்சரித்திருந்தான். "அதுக்குன்னு சும்மாவும் தோத்துடாத. கண்டுபுடிச்சிடுவாரு."

கடலூரில் உரக் கம்பெனி வேலை, சிதம்பரத்தில் வீடு. விடியுமுன் பஸ் ஏறினால், திரும்பும்போது மகள் சுவேதா தூங்கியிருப்பாள். இரண்டு வயது. போன ஞாயிற்றுக்கிழமை இவனைப் பார்த்து, "அம்மா, மாமா வந்துருக்காங்க" என்றாள். சிதம்பரம் கிளையில் ஓர் இடம் காலி. மேனேஜர் ஒரு கையெழுத்துப் போட்டால் சபாபதி மறுபடியும் அப்பா ஆகிவிடுவான்.

மேனேஜர் சிங்கப்பூர் போய்வந்ததிலிருந்து சனிக்கிழமை மதியங்களில் அலுவலகத்தில் போக்கர் போட்டி. ஆறு பேர், ஆளுக்கு நூறு சோடா மூடி. மூடி தீர்ந்தவர் வெளியே. கையில் இரண்டு சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர், முறைவைத்து, சீட்டைப் பார்க்கும் முன்பே மூடி வைத்தாக வேண்டும். இப்போது ஒருவர் இரண்டு, அடுத்தவர் நான்கு. அரை மணிக்கொரு முறை இது இரட்டிக்கும். ஆகவே சும்மா உட்கார்ந்திருந்தாலே கையிருப்பு கரையும்.

அந்த நான்கைப் போலப் பத்து மடங்குதான் மிச்சம் என்றாகிவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாக வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஒன்று சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்திலிருந்து விலக வேண்டும், அல்லது இருப்பது மொத்தத்தையும் தள்ள வேண்டும். அந்த நிலையில் ஒருவன் மொத்தத்தையும் தள்ளித் தோற்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதைவிட மரியாதையான தோல்வி கிடையாது.

வந்தவை ஏழும் இரண்டும். போக்கரில் இதைவிட மட்டமான கை இல்லை. சபாபதி மொத்தத்தையும் தள்ளினான்.

"ஐயய்யோ, சபாபதி வச்சா சும்மா வைக்க மாட்டான்" என்று மேனேஜர் முதல் ஐந்து பேரும் கவிழ்த்தார்கள். கட்டாயமாக வைத்த ஆறு மூடிகளும் அவனிடம் வந்தன. நாற்பத்தாறு.

காரணம் புரிந்தது. ஒரு மணி நேரமாகக் கவிழ்த்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று தள்ளினால் பயப்படத்தான் செய்வார்கள். பயப்படாத ஆளாகப் பார்த்துத் தள்ள வேண்டும். சிங்காரத்தின் முன்னால் மூடிகள் குவிந்து கிடந்தன. அடுத்து சிங்காரம் பந்தயம் வைத்தபோது, எட்டையும் மூன்றையும் வைத்துக்கொண்டு அவன்மேல் மொத்தத்தையும் தள்ளினான்.

சிங்காரம் இரண்டு ராஜாக்களை விரித்தான். சபாபதிக்கு உயிர் வந்தது. சீட்டுப் போடும் பியூன் கொளஞ்சி நடுவில் ஐந்தையும் வைத்தார். அதில் இரண்டு எட்டுகள்.

"மூணு எட்டா? என்னா மச்சான், இதுவா நீ தோக்குற லட்சணம்?" என்று, தோற்ற மூடிகளைச் சபாபதி பக்கம் தள்ளிக்கொண்டே சிங்காரம் முணுமுணுத்தான்.

"நான் என்னடா பண்ணுவேன்?"

இனி உட்கார்ந்தே கரைவது என்று முடிவு செய்தான். கரையவும் செய்தான். ஆனால் மற்றவர்கள் அவனைவிட வேகமாகக் கரைந்தார்கள். சிங்காரம் உட்பட நால்வரும் ஒருவர்பின் ஒருவராக மேனேஜரிடம் எல்லாவற்றையும் தள்ளித் தோற்று, சிரித்த முகத்தோடு எழுந்து பின்னால் போய் நின்றார்கள்.

செல்போனில் மனைவி சிவகாமி. "ஆச்சா?"

"தோத்துக்கிட்டே இருக்கேன். முடிய மாட்டேங்குது."

இப்போது இரண்டே பேர். மேனேஜரிடம் ஐந்நூற்று நாற்பது, இவனிடம் அறுபது. சபாபதி சீட்டைப் பார்க்காமலே தள்ளினான். அப்படித் தள்ளினால், நல்ல கையோடு எதிர்ப்பவரிடம் மூன்றில் ஒரு முறைதான் ஜெயிக்க முடியும். தொடர்ந்து மூன்று முறை என்றால் இருபத்தேழில் ஒன்று. அந்த ஒன்று இன்றைக்கென்று வந்தது. அறுபது நூற்றிருபதாகி, இருநூற்று நாற்பதாகி, நானூற்று எண்பதாகி நின்றது.

கட்டாயமாக வைக்கும் நான்கு இதற்குள் இரட்டித்து இரட்டித்துப் பதினாறாகியிருந்தது. இப்போது மேனேஜரின் கையிருப்புதான் அதைப்போலப் பத்து மடங்குக்கும் கீழே. அதே கணக்குப்படி அவர் மொத்தத்தையும் தள்ளினார்.

கவிழ்த்துவிடலாம் என்று சபாபதி சீட்டை லேசாகத் தூக்கினான். பின்னால் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு ஏஸுடா!" என்று ஒருவர் கத்தியே விட்டார்.

கையில் வரக்கூடியதில் அதைவிட உயர்ந்தது கிடையாது. இனி எப்படிக் கவிழ்ப்பது? ஏற்றுக்கொண்டான். ஜெயித்தான்.

மேனேஜர் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிங்காரம் சபாபதியின் முகத்தைப் பார்க்காமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சபாபதி பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி தூரம் போயிருப்பான். கொளஞ்சி சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"சாருக்குக் கோவம் ஜாஸ்தியா கொளஞ்சிண்ணே?"

"கோவமா? கண்ணு கலங்கிட்டாரு சார்! 'எல்லாப் பயலும் எனக்குன்னு தோத்தானுவ, நேர்மையா ஆடுனவன் சபாபதி ஒருத்தன்தான், இப்பேர்ப்பட்ட ஆளப் போயி சிதம்பரத்துக்கு அனுப்பப் பாத்தேனே'ன்னு, காலையிலயே கையெழுத்துப் போட்டு வச்சிருந்த உங்க ஆர்டர இப்பத்தான் கிழிச்சாரு."